மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்

கடற்கரையை அடுத்து வாழும் நமக்குப் படகின் இயல்பைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. படகில் உள்ளோர் அனைவரும் ஒரு பக்கமே சென்று நின்றால், அப்பக்கம் எத்துணை நல்ல பக்கமாயினும், படகு கவிழ்ந்தே தீரும். நடுவில் இருந்து, இரு பக்கத்தையும் நோக்கி, எப்பக்கம் தாழ்கின்றதோ அதற்கு எதிர்ப்பக்கமாகத் தன் உடலைச் சாய்க்கும் ஒருவனாவது படகில் வேண்டும். அவனை இருதிறத்தாரும் நம்புவதில்லை. கரை சேர்ந்த பின்னரே அவன் செய்த தொழில் இன்னதென்பது புலனாகும். நாட்டு நடப்பாகிய படகுக்கும் இஃது ஒக்கும்.

சென்ற திங்கள் இராயபுரத்தில் கூடிய நம் சங்கத்துப் பொதுக் கூட்டத்தில், தேர்தல் வருங்கால் நம் சங்கம் எக்கட்சியைச் சார்வது என்பது பற்றி நிகழ்ந்த சொற்போரை அன்பர்கள் மறந்திரார். இளைஞருள் ஒரு சாரார் ஒரு கட்சியையும் மற்றொரு சாரார் பிறிதொரு கட்சியையும் வற்புறுத்தினர். எக்கட்சியினும் சேராது, ஒவ்வொரு செய்தியையும் அதனதன் தகுதி நோக்கி ஆராய வேண்டும் என்று எழுந்து கூறிய முதியவர் ஒருவரை, இரண்டுங் கெட்டவர் என்று சிலர் நகையாடினர். அம்முதியவர் விடையொன்றும் பகராது அமர்ந்துவிட்டார். அன்றிரவு திருவொற்றியூர் நோக்கி நடந்து வருங்கால் அக்காட்சி எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. கட்சிக்கு அடிமைப்படாது நின்று நாட்டுக்கு உழைத்தவர் உளர் என்பதையும், அந்நிலையால் விளைந்த நன்மையும் இடரும் இவை என்பதையும் நம் இளைஞர் அறிதல் நலமென எண்ணி, வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

அவர் நம் மரபினர் அல்லர். நம் வட்டாரத்தினரும் அல்லர். நம் சங்கத்து ஏட்டில் அவர் வரலாற்றுக்கு இடம் யாது என்று வினவுவோர் உளராயின், அவர்க்கு விடை இக்கட்டுரையின் இடையிற் கிடைக்கும். நம் கரையினின்று கப்பலேறிய ஏழைத் தமிழர்க்கும் அவர்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

சாஸ்திரியார் 1869 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22 ஆம் நாள், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் வறியதொரு வைதிகக் குடும்பத்தில் தோன்றினார். கும்பகோணத்துப் பள்ளியிலும் அரசினர் கல்லூரியிலும் பயின்று தேர்ந்தார். அக்காலத்தில் பட்டம் பெற்றார்க்கு அரசினர் அலுவலும் வழக்கறிஞர் தொழிலும் வாயில் திறந்து காத்திருந்தன. அவரோ ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். மாயவரம் முதலிய ஊர்களிற் கற்பித்துப் பின்னர்ச் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். ஆங்கில மொழியின் நுட்பத்தில் அவர்க்கிருந்த புலமை, பின்னாளில் ஆங்கிலேயரே வியக்கும் அளவிற்றாயிற்று. சொல்லொன்று பிழைபடினும் பொறாத இயல்பு அவர்க்குப் பள்ளி அறையிலேயே அமைந்தது போலும். நாற்பத்தைந்து மாணவர் முன் நாள்தோறும் நின்று, ஒருவனும் விடுபடாதவாறு சொல்லைத் தெரிந்து சொல்லுதல் எத்தகைய பயிற்சி என்பதை அத்தொழில் செய்யும் யாம் அறிவோம்.

பள்ளித் தொழிலோடு அவர் அமையவில்லை. 1904 ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியில் நிறுவப்பெற்ற நகரக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தோருள் அவரும் ஒருவர். அரிசியும் பருப்பும் நியாய விலைக்குக் கிடைக்குமாறு நடுத்தர மக்கள் தமக்குள் கூடி நடத்திய அச்சங்கம், நம் நாட்டுக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒன்றாகும். மேடையில் முழங்குதற்கு முன்னரே அவர் கடைக்கணக்கைப் பார்த்தவர் என்பதை நம் சங்கத்துப் பொருளாளர்கள் நினைவிற் கொள்வாராக.

1905 ஆம் ஆண்டு கோபால கிருஷ்ண கோகலே புனா நகரில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அதிற் சேர்வோர் தம் வாழ்நாள் முழுவதையும் நாட்டுப் பணிக்கே அளித்தல் வேண்டும், தமக்கெனப் பொருளீட்டலாகாது, சங்கம் அளிக்கும் சிறு தொகையில் குடும்பத்தை நடத்தல் வேண்டும். நல்ல ஊதியமும் மதிப்பும் உள்ள தலைமை ஆசிரியர் பதவியைத் துறந்து, 1907 ஆம் ஆண்டில் சாஸ்திரியார் அச்சங்கத்திற் சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு வயது முப்பத்தெட்டு நிரம்பவில்லை. 1915 ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோகலே மறைந்த பின், அச்சங்கத்தின் தலைமை அவரைச் சார்ந்தது.

அவ்வாண்டிலேயே காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவினின்று தாயகம் திரும்பியிருந்தார். கோகலேயைத் தம் அரசியல் ஆசானாகக் கொண்ட அடிகள், ஊழியர் சங்கத்தில் உறுப்பினராக விழைந்தார். சங்கத்தாரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அடிகளின் வழியும் தம் வழியும் ஒத்துச் செல்லுமோ என்று சாஸ்திரியார் முதலியோர் ஐயுற்றனர். அதனை உணர்ந்த அடிகள் தம் விண்ணப்பத்தைத் தாமே மீட்டுக்கொண்டார். ஒருவரையொருவர் வெறுத்தற்கு இஃதொன்றே போதுமானது. ஆயின், அவ்விருவர் நட்பும் அன்றிலிருந்து இறுதி வரை வளர்ந்தே வந்தது. கொள்கையில் மாறுபட்டாரை நட்பிலும் விலக்க வேண்டும் என்னும் இக்கால வழக்கம் அவர்கள் அறியாததொன்று.

சாஸ்திரியார் 1913 ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையிலும் 1916 ஆம் ஆண்டு இந்தியத் தலைமைச் சட்டசபையிலும் இடம் பெற்றார். மிதவாதி என்றால் அரசினர்க்கு அஞ்சித் தலையசைப்பவர் என்று கருதுவார் உளர். அன்னோர் 1919 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் நிகழ்ச்சியை ஓர்க. விசாரணையின்றியே மக்களைச் சிறைப்படுத்த அரசினர்க்கு அதிகாரம் அளிக்கும் ரௌலட் மசோதா சபைக்கு வந்தபொழுது, அரசினர் உறுப்பினர் நிறைந்த அவ்வவையில், அவர் எழுந்து அம்மசோதாவைக் கண்டித்துப் பேசிய பேச்சு இந்தியச் சட்டமன்ற வரலாற்றில் நிலைபெற்றது. குற்றமற்றவனும் சட்டத்தின் பிடியில் நடுங்கும் நிலை வந்துவிட்டால் நாட்டில் அமைதி நிலைக்காது என்பது அவர் காட்டிய நியாயம். ஆயினும், அச்சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் சத்தியாக்கிரகம் தொடங்கியபொழுது சாஸ்திரியார் அதனை ஏற்றாரல்லர். சட்டத்தை மீறும் பழக்கம் மக்களிடையே பரவினால், நாளை நம்மவர் ஆட்சி வரும்பொழுதும் அது நம்மைத் தாக்கும் என்று அவர் அஞ்சினார். ஆகவே, அரசினர் அவரைப் பகைவர் என்றனர். மக்களுட் பலர் அவரைக் கோழை என்றனர். இருபுறமும் அடிபடும் மத்தளத்தின் நிலை அன்று முதல் அவர்க்கு வாய்த்தது.

மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தம் பற்றிய வேறுபாட்டால் 1918 ஆம் ஆண்டு மிதவாதிகள் காங்கிரஸினின்று பிரிந்து லிபரல் கூட்டமைப்பை நிறுவினர். 1922 ஆம் ஆண்டு நாகபுரியில் நடைபெற்ற அதன் மாநாட்டிற்குச் சாஸ்திரியார் தலைமை தாங்கினார். எனினும் அக்கூட்டமைப்பு, தொண்டர் படையும் கொடியும் ஊர்தோறும் கிளையும் உடைய கட்சியாக என்றும் வளர்ந்ததில்லை. தனித்தனியே சிந்திக்கும் சிலர் ஆண்டுக்கொருமுறை கூடும் அவையாகவே அது இருந்தது. தென்னாட்டில் ஒருபுறம் காங்கிரஸும் மற்றொருபுறம் நீதிக்கட்சியும் மக்களை ஈர்த்து நின்ற அக்காலத்தில், இரண்டினும் சேராத சாஸ்திரியார்க்கு மக்கள் வாக்கு என்னும் வலிமை இல்லாதொழிந்தது. அவர்க்கிருந்த படைக்கலம் நா ஒன்றே.

அந்நாவைக் கொண்டு அவர் செய்தது யாது? இவ்விடத்தேதான் அவர் வரலாறு நம் கரையோடு வந்து பொருந்துகின்றது.

1860 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னையினின்று ட்ரூரோ என்னும் கப்பல் புறப்பட்டு நேட்டால் நாட்டு டர்பன் நகருக்குச் சென்றது. அன்று இங்குக் கட்டிய துறைமுகம் இல்லை. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளே அலை கடந்து ஆட்களை ஏற்றிச் சென்றன. ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்கட்குச் சென்ற அம்மக்களைத் தொடர்ந்து, 1911 ஆம் ஆண்டு அம்முறை நிற்கும் வரை, இந்தியாவினின்று நேட்டால் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவருள் பெரும்பாலோர் சென்னைத் துறையினின்று சென்றவர். தமிழரும் தெலுங்கருமாகிய அவ்வேழைகள் அங்கு வேர்விட்டு வாழத் தொடங்கியபின், வெள்ளையர் அவர்களை நிலம் வாங்காதவாறும், வணிகம் செய்யாதவாறும், வாக்களிக்காதவாறும் பல சட்டங்களால் நெருக்கினர்.

1921 ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய பேரரசு மாநாட்டில் சாஸ்திரியார் இந்தியப் பிரதிநிதியாக அமர்ந்து, பேரரசின் எந்நாட்டிலும் குடியேறி வாழும் இந்தியர்க்குக் குடியுரிமை வேண்டும் என்று வாதிட்டார். பிற நாடுகள் இசைந்தன, தென்னாப்பிரிக்கா இசையவில்லை. அவ்வாண்டில் பிரிவி கவுன்சில் உறுப்பினராகியமையால் மகாகனம் என்னும் அடைமொழி அவர் பெயர்க்கு முன் நின்றது. ஜெனீவா நகரத்துச் சர்வதேச சங்கத்திலும் வாஷிங்டன் மாநாட்டிலும் இந்தியாவின் சார்பில் அமர்ந்தார். 1922 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகட்குச் சென்று ஊர் ஊராகப் பேசினார். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த இந்தியர்க்கு 1925 ஆம் ஆண்டு வாக்குரிமை கிடைத்ததற்கு அப்பயணம் வழிகோலியது. ஆனால் 1923 ஆம் ஆண்டு கென்யா நாட்டு இந்தியர் வழக்கில் பிரிட்டிஷ் அரசினர் வெள்ளைக் குடியேறிகள் பக்கமே சாய்ந்தபொழுது, அவர் உள்ளம் உடைந்தது. அரசினர் சொல்லை நம்பி வாழ்ந்த அவர், அதன்பின் அரசினரைக் கடிந்து பேசவும் தயங்கினாரல்லர்.

1926 ஆம் ஆண்டின் இறுதியில் கேப் டவுன் நகரில் இந்திய, தென்னாப்பிரிக்கப் பிரதிநிதிகளின் மாநாடு கூடியது. இந்தியரைத் தனிப் பகுதிகளில் ஒதுக்கும் மசோதா அதன் விளைவாகக் கைவிடப்பட்டது. 1927 ஆம் ஆண்டு ஏற்பட்ட ஒப்பந்தப்படி, அங்கு இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகச் சாஸ்திரியார் அனுப்பப்பட்டார். உடல் நலம் குன்றியிருந்தும், காந்தியடிகள் வற்புறுத்த, அவர் அதற்கு இசைந்தார். அந்நாட்டு வெள்ளையர் மன்றங்களிலும் மாதா கோயில்களிலும் கல்லூரிகளிலும் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டோர், இந்தியர் என்றால் கூலி என்றே எண்ணியிருந்த தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாயினர். கிளர்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் 1928 ஆம் ஆண்டு அவர் பேசுங்கால், அவ்வூர்த் துணை நகரத் தலைவரே கூட்டத்தோடு புகுந்து கலகம் விளைத்தார். அதற்குப் பின்னும் சாஸ்திரியார் தம் சுற்றுப் பயணத்தை நிறுத்தினாரல்லர். தம் பேச்சில் வெம்மையையும் கலந்தாரல்லர்.

அவர் முயற்சியால் இந்தியரிடமே நிதி திரட்டி, டர்பன் நகரில் இந்திய மாணவர்க்கு உயர்நிலைக் கல்வியும் ஆசிரியப் பயிற்சியும் அளிக்கும் சாஸ்திரி கல்லூரி 1929 ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. கரும்பு வெட்டச் சென்றவர் பேரன்மார் அங்குப் பயின்று ஆசிரியராயினர், மருத்துவராயினர், வழக்கறிஞராயினர். பின்னாளில் நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடியோருள்ளும் அக்கல்லூரி மாணவர் இருந்தனர். நம் கரையினின்று கைந்நாட்டு வைத்துச் சென்றோர் வழியினர் கையெழுத்து இட்டதற்கு இக்கல்லூரியும் ஒரு காரணம் என்பதனாலேயே, சாஸ்திரியார் வரலாறு நம் ஏட்டில் இடம்பெறத் தகுதியுடையதாயிற்று.

இனி, அவர்பாற் கண்ட குறைகளையும் கூறாதொழியின், யாம் நடுவுநிலைமை பற்றி எழுதும் தகுதியை இழப்போம். கேப் டவுன் ஒப்பந்தத்தில், விரும்பிய இந்தியர் ஊக்கத் தொகை பெற்றுத் தாயகம் திரும்பலாம் என்னும் பகுதியும் இருந்தது. அங்ஙனம் திரும்பியோர் பலர் நம் சென்னைத் துறையில் வந்திறங்கினர். பிறந்த ஊர் பலர்க்கு நினைவில்லை, உறவினர் ஏற்கவில்லை, கற்ற தொழிலுக்கு ஈண்டு இடமில்லை. பெற்ற பணம் சில திங்களிற் கரைய, திரும்பிச் செல்லவும் வழியின்றிச் சென்னையின் தெருக்களில் அவர்கள் பட்ட துயரைப் பவானி தயாள் சந்நியாசி என்பார் 1931 ஆம் ஆண்டு ஆராய்ந்து அறிக்கையாக வெளியிட்டார். அறிஞர் இருவர் மேசையின் இருபுறமும் அமர்ந்து, ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்து நல்ல உடன்படிக்கை செய்தனர். ஆனால், விட்டுக்கொடுக்கப்பட்ட பொருள் அங்கு இல்லாத ஏழையின் வாழ்வாக இருந்தது.

மலேயா நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. அங்குள்ள தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசினர் அவரை அனுப்ப, 1937 ஆம் ஆண்டு அவர் அறிக்கை அளித்தார். தொழிலாளரை உதவியுடன் அனுப்பும் முறையை நிறுத்த வேண்டியதில்லை என்று அவர் முடிவு கூறினார். அங்கிருந்த இந்தியத் தலைவர்கள் அதனை ஏற்கவில்லை. 1938 ஆம் ஆண்டு இந்திய அரசே அம்முறையைத் தடைசெய்தது. 1929 ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய அமைந்த அரச ஆணையத்திலும் உறுப்பினராக இருந்து ஆலைகளின் நிலையை அறிந்த அவர், ரப்பர்த் தோட்டத்து லயன்களின் துயரை முற்றும் காணத் தவறினார் என்பதே எம் கருத்து.

தமிழாசிரியராகிய எமக்கு அவரோடு மற்றொரு வழக்கும் உண்டு. 1940 ஆம் ஆண்டு சென்னை அரசினர் கலைச்சொற்களை வகுக்க ஒரு குழுவை அமைத்து, அதற்கு அவரைத் தலைவராக்கினர். அவர் வடமொழிப் பற்று மிக்கவர். தமிழுக்குரிய கலைச்சொற்களைத் தமிழ் வேரினின்றே ஆக்கலாம் என்பதில் நம்பிக்கை குறைந்தவர். தமிழறிஞர் பலர் கிளர்ந்தெழுந்து அக்குழுவின் போக்கை எதிர்த்தனர். அவ்வறிஞர் பக்கமே யாமும் நிற்கின்றோம். ஒருவரைப் போற்றுதற்கு அவர் செய்த அனைத்தையும் போற்ற வேண்டும் என்பதில்லை. இஃதும் அவர் வரலாற்றினின்றே யாம் கற்ற பாடம்.

1928 ஆம் ஆண்டு அரசினர் அளிக்க முன்வந்த சர் பட்டத்தை அவர் வேண்டாவென்று மறுத்தார். ஊழியர் சங்கத்தின் எளிய ஊழியனுக்கு அது பொருந்தாது என்பது அவர் கருத்து. 1930 ஆம் ஆண்டு தொடங்கி இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அமர்ந்தார். 1931 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5 ஆம் நாள் காந்தி இர்வின் ஒப்பந்தம் நிறைவேறியதற்கு, சாப்ரு, ஜெயகர் ஆகியோருடன் இவரும் இருதிறத்தாரிடையே நடந்து உழைத்தமை ஒரு காரணம். காந்தியடிகளும் அரசப் பிரதிநிதியும் ஒருவரையொருவர் ஐயுற்ற வேளையில், இருவரும் நம்பத்தக்கவராய் எக்கட்சிப் படையிலும் இல்லாத சிலர் இருந்தமையாற் சிறைக்கதவுகள் திறந்தன. கட்சி சாராதவர்க்குப் பயன் யாது என்று வினவுவோர்க்கு இந்நிகழ்ச்சி தக்க விடை.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். பழைய ஆசிரியர் மீண்டும் மாணவரிடையே வந்து சேர்ந்தார். 1942 ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு என்னும் போராட்டத்தை அவர் ஏற்கவில்லை. நாட்டைப் பிரிக்கும் எண்ணத்தையும் இறுதிவரை எதிர்த்தார். 1944 ஆம் ஆண்டு மயிலாப்பூரில் வான்மீகி இராமாயணம் பற்றி அவர் ஆற்றிய தொடர் சொற்பொழிவுகள் புகழ்பெற்றவை. 1946 ஆம் ஆண்டு சனவரியில் சென்னைக்கு வந்த காந்தியடிகள், மருத்துவமனையிற் கிடந்த சாஸ்திரியாரைச் சென்று கண்டார். முப்பதாண்டுகளாக அரசியலிற் பெரும்பாலும் எதிரெதிரே நின்ற இருவர், உடன்பிறந்தார் போன்று உள்ளம் கனிந்து பேசியிருந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 17 ஆம் நாள், விடுதலையைக் காணாமலே, தம் எழுபத்தாறாம் அகவையில் சாஸ்திரியார் மறைந்தார். மறைந்த சில திங்களில் தென்னாப்பிரிக்க அரசினர் இந்தியர் நில உரிமையை நெருக்கும் புதுச் சட்டத்தை நிறைவேற்றினர். அவர் இனிய சொற்களால் எழுப்பிய சுவர் அத்துணை மெல்லியதாக இருந்தது. ஆயினும் கல்லூரி நின்றது. அங்குக் கற்ற பிள்ளைகள் நின்றனர்.

அன்பர்காள்! இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு என்று கருதுகின்றோம். எக்கட்சியையும் சாராமை என்பது எக்கருத்தும் இல்லாமை அன்று. ரௌலட் மசோதாவை எதிர்த்தவரும் அவரே; சத்தியாக்கிரகத்தை மறுத்தவரும் அவரே. இரண்டும் அவர் நெஞ்சறிந்து செய்தவை. கட்சிக்கு ஆட்பட்டவன் ஒருமுறை சிந்தித்தாற் போதும். தனித்து நிற்பவன் ஒவ்வொரு முறையும் சிந்தித்தாக வேண்டும். இஃது ஒன்று. நடுவில் நிற்பவன் தான் யார்பொருட்டுப் பேசுகின்றானோ அவர் வாய்ச்சொல்லைக் கேளாது உடன்படிக்கை செய்யலாகாது. சாஸ்திரியார் சறுக்கிய இடம் அதுவே. இஃது மற்றொன்று.

2023 ஆம் ஆண்டு டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்திற் கச்சா எண்ணெய் படர்ந்தபொழுது, அது எக்கட்சியான் வலை என்று பார்த்து ஒட்டவில்லை. எல்லார் வலையும் கறுத்தது. எல்லார் வீட்டு அடுப்பும் அணைந்தது. அவ்வேளையில் நம் சங்கம் ஒரு கட்சியின் கிளையாக இருந்திருப்பின், அக்கட்சி பேசச் சொன்னால் பேசி, வாளாவிருக்கச் சொன்னால் வாளாவிருந்திருக்கும். சங்கத்து உறுப்பினர் தத்தம் உள்ளம் விரும்பிய கட்சிக்கு வாக்களிக்கட்டும்; அஃது அவரவர் உரிமை. சங்கமோ, வாக்குக் கேட்டு வரும் எல்லாரிடத்தும் ஒரே வினாவை ஒரே குரலில் வினவட்டும். அவ்வினாவைச் சங்க அறையில் இருந்து எழுதாது, கழிமுகத்தில் வலை வீசுவோரிடமும் துறைமுகத்தில் மூட்டை சுமப்போரிடமும் கேட்டு எழுதட்டும்.

அன்று கூட்டத்தில் விடை பகராது அமர்ந்த முதியவரை அடுத்த கூட்டத்தில் முதலிற் பேச அழைக்குமாறு சங்கத் தலைவரை வேண்டுகின்றோம். அவர் கருத்தை ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். கேட்பது நம் கடமை.